கண் வறட்சிக்கு மெடிக்கலில் எதைக் கேட்டு வாங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் கிடைக்கும் சொட்டுகளின் மதிப்புரை

"அண்ணா, கண்ணு எரியுது, சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க."

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த மெடிக்கலில் இப்படிக் கேட்டாலும் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்று. சிவப்பை எடுக்கும் சொட்டு, கிருமிக்கொல்லிச் சொட்டு, ஈரப்பதம் தரும் லூப்ரிகன்ட் சொட்டு. கண் வறட்சிக்கு உரியது மூன்றாவது மட்டும்தான். முதலிரண்டும் வறண்ட கண்ணுக்கு உதவாது, நாள்பட ஊற்றினால் இருப்பதையும் கெடுக்கும். கடைக்காரர் மேல் தவறில்லை. "எரியுது" என்ற ஒரு சொல்லை வைத்து அவர் எதைத்தான் எடுத்துத் தருவார்? அதனால் வாங்கப் போகிறவருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: குப்பிக்குள் என்ன மருந்து, எத்தனை சதவீதம், கிருமி வளராமல் இருக்க எந்தப் பதப்படுத்தி. பிராண்ட் பெயர் அதற்குப் பிறகுதான்.

முதலில், வாங்கக் கூடாதவை. அட்டையில் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின், ஃபினைலெஃப்ரின் என்று எது இருந்தாலும் கண் வறட்சிக்கு வேண்டாம். இவை கண்ணின் வெள்ளைப் பகுதியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஐந்து நிமிடத்தில் கண் பளிச்சென்று வெளுக்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிடப் பெரிதாக விரிந்து சிவப்பு திரும்பி வரும். மறுபடி சொட்டு, மறுபடி சிவப்பு. கூடவே குளோர்ஃபெனிரமைன் சேர்ந்திருந்தால் அது கண்ணீரையும் குறைக்கும். கற்பூரமும் மெந்தாலும் கலந்து சில்லென்று இறங்கும் சொட்டுகளும் உண்டு. அந்தச் சில்லிப்பு நரம்பை ஏமாற்றுகிறதே தவிர ஈரம் எதுவும் சேர்வதில்லை.

டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டுகள் இன்னும் ஆபத்தானவை. போட்ட அன்றே சுகம் கொடுப்பதால், "போன வருஷம் டாக்டர் எழுதினது" என்று பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு இது சில வாரங்களிலேயே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே தெரியாமல் பார்வை நரம்பு கெடும். மாதக்கணக்கில் ஓடினால் கண்புரையும் வரும். மருத்துவர் எழுதி, அழுத்தம் பார்த்து, நாள் குறித்துக் கொடுத்தாலன்றி ஸ்டீராய்டைத் தொட வேண்டாம்.

இப்போது லூப்ரிகன்ட்டுக்கு வருவோம். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் கண்ணோடு ஒட்டியிருப்பது சளிப்பொருள், அதன் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய். எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளில் இருந்து வருகிறது, மேலிமையில் சுமார் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. தண்ணீர் குறைந்தாலும் வறட்சி, எண்ணெய் குறைந்து தண்ணீர் சீக்கிரம் ஆவியானாலும் வறட்சி. இரண்டாவது வகைதான் அதிகம், பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். வண்டியில் போகும்போது கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டுகிறவருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். படலம் உடைந்து கண் உறுத்தியதும் மூளை அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் இல்லை, அதனால் அது தங்காமல் கன்னத்தில் வழிகிறது. "எனக்குத்தான் தண்ணியாக் கொட்டுதே, வறட்சி எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது சிஎம்சி 0.5 சதவீதம், அதாவது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். தாவர நாரில் இருந்து எடுக்கும் பொருள். ரெஃப்ரெஷ் டியர்ஸ் இந்த வகை. இதே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது, விலை கடைக்குக் கடை, பெயருக்குப் பெயர் மாறும். பிரதமரின் மக்கள் மருந்தகத்தில் இருப்பு இருந்தால் அங்கே வாங்குவது நல்லது, மருந்தும் சதவீதமும் ஒன்றுதான். லேசான எரிச்சல், கம்ப்யூட்டர் வேலை, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் வரும் உறுத்தல் ஆகியவற்றுக்கு இதில் இருந்தே தொடங்கலாம். குறை என்னவென்றால் சீக்கிரம் வடிந்துவிடும். அதே சிஎம்சி 1 சதவீதத்தில் கெட்டியாக வரும்போது நேரம் தாங்கும், ஆனால் போட்ட சில நிமிடத்துக்குப் பார்வை மங்கும். வண்டி எடுப்பதற்கு முன் போடக் கூடாது.

அடுத்தது எச்பிஎம்சி, அதாவது ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ். பழைய மருந்து, விலை குறைவு, வேலை செய்யும். இமை ஓரத்தில் காய்ந்து வெள்ளைப் பொடி போல ஒட்டுவது இதில் சற்று அதிகம். அது சீழ் என்று பயப்பட வேண்டாம், காய்ந்த மருந்துதான்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் 0.4, புரொப்பிலீன் கிளைக்கால் 0.3 சதவீதம் சேர்ந்த சொட்டு இன்னொரு வகை. சிஸ்டேன் அல்ட்ரா இந்தக் கூட்டு. இதில் ஹைட்ராக்ஸிபுரொப்பைல் குவார் என்ற பொருளும் இருக்கிறது. குவார் வேறு எதுவுமில்லை, நம் கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பசை. குப்பிக்குள் நீராக இருக்கும் மருந்து கண்ணீரின் காரத்தன்மை பட்டதும் மெல்லிய கூழாக மாறிக் கண்ணில் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் குறைவால் வரும் வறட்சிக்கு வெறும் சிஎம்சியைவிட இந்த வகையும், எண்ணெய்த் துளிகள் கலந்து பால் போல வரும் சொட்டுகளும் பொருத்தம்.

சோடியம் ஹயலுரோனேட் 0.1 சதவீதம் விலை கூடுதல். ஹயலுரோனிக் அமிலம் நம் உடலிலேயே உள்ள பொருள், தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மை அதிகம். இமைக்கும்போது இளகி, கண் திறந்திருக்கும்போது கெட்டியாக நிற்பதால் மங்கல் குறைவு. கருவிழியில் சிறு சிறு சிராய்ப்பு விழுந்த கண்ணுக்கு எங்கள் தேர்வு இதுதான். லேசான வறட்சிக்கு இந்த விலை தேவையில்லை.

இரவுக்குத் தனியாக ஒன்று வேண்டும் சிலருக்கு. காலையில் எழும்போதுதான் எரிச்சல் அதிகம் என்றால், தூங்கும்போது இமை முழுதாக மூடாமல் இருக்கலாம். வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், இமைக்கிடையே வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று. தெரிந்தால் படுக்கும் முன் கார்போமர் ஜெல், அல்லது பாரஃபின் கலந்த கண் களிம்பு, அரிசி மணி நீளத்துக்கு. தலைக்கு நேரே ஓடும் ஃபேனைக் கால் பக்கம் திருப்பி வைப்பதும் இதில் அடக்கம். அதைச் செய்யாமல் ஜெல் மட்டும் போட்டால் பாதிப் பலன்தான்.

இனி பதப்படுத்தி. எங்கள் கணக்கில் மருந்தின் பெயரைவிட முக்கியமான வரி இது. அட்டையின் பக்கவாட்டில், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும் என்ற அளவு சின்ன எழுத்தில் இருக்கும். திறந்த குப்பியில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது. பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது ஒருவகைச் சோப்புப் பொருள். எண்ணெய்ப் படலத்தைக் கரைக்கும், கண்ணின் மேல்தோல் செல்களையும் அரிக்கும். இரண்டு வாரத்துக்கு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் பெரிய பாதிப்பில்லை. மாதக்கணக்கில், நாளைக்கு நாலு தடவைக்கு மேல் என்றால் வறட்சிக்குப் போடும் மருந்தே வறட்சியை வளர்க்கும். சொட்டு போடப் போட எரிச்சல் கூடுகிறது என்பவர்கள் முதலில் இந்த வரியைத் தேடுங்கள். ஸ்டெபிலைஸ்டு ஆக்ஸிகுளோரோ காம்ப்ளக்ஸ், பாலிகுவாட், சோடியம் பர்போரேட் என்று இருந்தால் அவை மென்மையானவை. நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள், கண் அழுத்தத்துக்கு வேறு சொட்டு ஏற்கெனவே போடுகிறவர்கள், கான்டாக்ட் லென்ஸ்காரர்கள் ஆகியோருக்குப் பதப்படுத்தி இல்லாததே சரி.

பதப்படுத்தி இல்லாதது இரண்டு வடிவில் வரும். ஒன்று, முனையைத் திருகி உடைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழல்கள். உடைத்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, அட்டையில் சொன்ன நேரத்துக்குள் தீர்த்து மீதியை எறிய வேண்டும். இன்னொன்று, காற்றும் கிருமியும் உள்ளே புகாத வால்வு வைத்த குப்பி. சின்ன ஊர்க் கடைகளில் இரண்டுமே இருப்பு இருக்காது, மருந்துச் சீட்டைக் காட்டிச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். வால்வு இல்லாத சாதாரணக் குப்பியில் "பதப்படுத்தி இல்லை" என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2023இல் பதப்படுத்தி இல்லாமல், பல தடவை திறந்து மூடும் குப்பியில் வந்த செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் கிருமித் தொற்று பல மாநிலங்களில் பரவியது. சிலர் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது.

சரியான சொட்டை வாங்கியபின் பாதிப் பேர் தடுமாறுவது போடும் விதத்தில். கண்ணில் சாதாரணமாகத் தங்கும் கண்ணீர் 7 முதல் 10 மைக்ரோலிட்டர். குப்பியில் இருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50. அதாவது ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லி குப்பியில் தோராயமாக 200 முதல் 330 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு நாலு தடவை என்றால் 8 சொட்டு, மாதத்துக்கு 240. ஒரு குப்பி ஏறக்குறைய ஒரு மாதம் வர வேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் தவறு கையில் இருக்கிறது. மாதம் கடந்தும் மீதமிருந்தால் அதையும் எறிய வேண்டும், திறந்த ஒரு மாதத்துக்கு மேல் பெரும்பாலான குப்பிகள் செல்லாது. திறந்த அன்றே தேதியைப் பேனாவால் குப்பியின் மேல் எழுதிவிடுங்கள்.

போடும் முறை: சோப்பால் கை கழுவித் துடைக்கவும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை ஒரு விரலால் கீழே இழுத்தால் சிவப்பாக ஒரு பை தெரியும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான், கருவிழி மேல் அல்ல. கருவிழியில் விழுந்தால் கண் துடித்து மூடி மருந்தை வெளியே தள்ளிவிடும். குப்பி முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. கை நடுங்கும் வயதானவர்கள் குப்பி பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம், அல்லது படுத்துக்கொண்டு போடலாம். விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இறுக்கி மூடி இமையைக் கசக்கக் கூடாது. வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி, ஜெல்லும் களிம்பும் எப்போதும் கடைசி.

குப்பியை வண்டி சீட்டுக்கு அடியில் வைப்பது இங்கே நிறைய நடக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எந்த மருந்தும் தாங்காது.

எந்தத் தொழிலுக்கு எது என்பதையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுப்பிலும் பாலிஷிலும் இருப்பவர்களுக்குச் சொட்டு இரண்டாம் பட்சம். பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி முதலில். வேலை முடிந்ததும் கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் முகம் கழுவி, அதன் பிறகு சிஎம்சி 0.5. தூசி கண்ணில் இருக்கும்போது கெட்டி ஜெல் போட்டால் அது தூசியையும் பிடித்துக்கொள்ளும். ஓசூர் கம்பெனிகளுக்கு 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தினமும் பைக்கில் போய் வருகிறவர்களுக்குக் கண்ணாடி இறக்கிய முழு ஹெல்மெட் எந்தச் சொட்டைவிடவும் பலன் தரும். ஆடிக் காற்றில் கண்ணாடி ஏற்றியபடி ஓட்டினால் படலம் சில நொடியில் உடையும். பட்டு நூற்பு வேலையில் கூடு வேகவைக்கும் ஆவி நேராக முகத்தில் அடிக்கிறது. ஆவி ஈரம்தானே என்று தோன்றும், ஆனால் சூடும் அதில் கலந்த பொருட்களும் கண்ணை எரிக்கும். ஜன்னல் பக்கம் உட்காருவதும் மணிக்கொரு முறை எழுந்து வெளியே வருவதும் அவசியம். கம்ப்யூட்டர் முன் இருப்பவர்கள் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். பார்வை தாழ்ந்தால் இமை தாழும், கண் திறப்பு சுருங்கும், ஆவியாவது குறையும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கும் நாம் திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே போகிறோம். இமைப்பதும் அரைகுறையாகத்தான். மேலிமை கீழிமையைத் தொட்டு, ஒரு நொடி நின்று, பிறகு திறப்பதாகப் பத்துத் தடவை, மணிக்கொரு முறை. இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணெய்ச் சுரப்பி அடைத்தவர்களுக்கு ஒத்தடம்தான் வைத்தியம், சொட்டு அதற்குத் துணை. கடையிலும் ஆன்லைனிலும் கண் ஒத்தடப் பட்டைகள் விற்கிறார்கள், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கேழ்வரகு புழங்கும் நம் ஊர் வீடுகளில் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெந்நீரில் நனைத்த துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். அடைத்த எண்ணெய் உருக, இமைக்கு 40 டிகிரி அளவு இதமான சூடு எட்டுப் பத்து நிமிடம் தொடர்ந்து வேண்டும். தானியம் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். கேழ்வரகு மணி சிறியது, இமையின் வளைவுக்கு ஏற்பப் படிந்து உட்காரும். சுத்தம் செய்த கேழ்வரகு நூறு கிராம் எடுத்துத் தோசைக்கல்லில் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் கிளறுங்கள். பொரியும் அளவுக்குப் போகக் கூடாது. துவைத்த பருத்திப் பையில் கொட்டி, வாயைக் கட்டி, கையால் பிசைந்து சூட்டைச் சமப்படுத்துங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் பத்து நொடி வைத்துப் பாருங்கள். அங்கே சுட்டால் இமைக்கு வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும். மூடிய கண் மேல் ஈரத் துணி ஒரு மடிப்பு, அதன் மேல் பை. பைக்கு மேல் கை வைத்து அழுத்தக் கூடாது.

எடுத்தவுடன், சூடு ஆறும் முன், சுத்தமான விரலால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் முடி வரிசையை நோக்கி ஐந்தாறு முறை நீவுங்கள். பிறகு கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் முடி வேர்களைத் துடையுங்கள். காலை, இரவு என இரண்டு வாரம், அதன்பின் நாளைக்கு ஒரு தடவை. மூன்று நாளில் பலன் தெரியவில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். இறுகிய எண்ணெய் இளக வாரங்கள் ஆகும்.

தாய்ப்பால், வெங்காயச் சாறு, தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, பாட்டில் பன்னீர் இவற்றில் எதையும் கண்ணில் விட வேண்டாம். வறண்ட கண்ணின் மேல்தோலில் ஏற்கெனவே கீறல்கள் இருக்கும், கிருமிநீக்கம் செய்யாத எதுவும் அந்த வழியாக உள்ளே இறங்கும். பூஞ்சைத் தொற்று வந்தால் கருவிழியில் தழும்பு நிற்கும்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தைப் பதப்படுத்தி இல்லாத சொட்டுக்குச் செலவழிக்கலாம். மாறாக, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்ரிசின் வகை, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாய்ன் ஆகியவை கண்ணை வறளச் செய்பவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதம் முறையாகச் செய்தும் தீரவில்லை என்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. பவர் மட்டும் பார்த்துக் கண்ணாடி எழுதிக்கொடுத்தால், வறட்சிக்குப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். இரண்டே சோதனைதான், ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். மஞ்சள் சாயத் தாளைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்ப்பது ஒன்று. 10 நொடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. கீழிமையில் ஒரு வடிகட்டித் தாள் பட்டையை 5 நிமிடம் தொங்கவிட்டு ஈரம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளப்பது இன்னொன்று. 5 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் தண்ணீர்ச் சுரப்பே மிகக் குறைவு. கூடவே வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள், ஷோகிரன் என்ற நோய்க்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதுவார்கள். போட்டால் முதல் சில வாரம் எரியும், பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். எரிகிறது என்று பாதியில் விட்டால் செலவழித்தது வீண்.

ஒரு மாதம் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. ஒரு கண் மட்டும் சிவந்து வலிப்பது, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, பார்வை குறைவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, முகம் ஒரு பக்கம் இழுத்துக் கண் மூட முடியாமல் போவது, கல் சில்லோ நெல் தூசோ அடித்தபின் உறுத்தல் தொடர்வது, குழந்தைக்கு மாலையில் பார்வை மங்கிக் கண்ணும் வறண்டிருப்பது. இவற்றில் எது இருந்தாலும் மெடிக்கலுக்குப் போகாமல் அன்றைக்கே கண் பிரிவுக்குப் போங்கள். போட்டுக்கொண்டிருந்த குப்பியை அட்டையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றி, எறியாமல் டப்பாவோடு கொண்டு போங்கள், எந்தக் கிருமி என்று சோதிக்க அது தேவைப்படும்.